பள்ளிக்கூடத்தில் உளி

(களியக்காவிளையில் கூடிய நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் இன்று என்னைப் பேசும்படி பணித்த விஷயம் தச்சுவேலையைப் பற்றியது. விசுவகர்ம குலத்தார் நிறைந்த சபையில் தச்சுவேலையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்பதை யான் அறியாதவனல்லேன். ஆயினும் வேலை செய்யும் முறையைச் சொல்லித்தர யான் வந்தேனில்லை. அவ்வேலை இனி எவ்விடத்தில் கற்பிக்கப்படவேண்டும், யார் யார் அதைக் கற்கவேண்டும் என்னும் இரண்டு கேள்விகளையே உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நம் வீடுகளில் இதைப்பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. முதியோர், “இது நம் குலத்தொழில், பிறர் கைக்குப் போகலாகாது” என்பர். இளந்தகப்பன்மாரோ, “நாங்கள் பட்டது போதும், எங்கள் பிள்ளைகள் உளியைத் தொடவே வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கட்டும்” என்பர். கேட்பதற்கு இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினாலோ இரண்டிற்கும் வேர் ஒன்றே. உளி பிறப்பினால் வருவது என்னும் எண்ணமே அவ்வேர். முதியவர் அதைப் பெருமையாகக் கொண்டார். இளையவர் சுமையாகக் கொண்டார். அவ்வேரையே களைய வேண்டும் என்பது என் கருத்து.

நம் கைத்திறனுக்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழும்பி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்டவர்மரால் விரிவுபெற்றது அது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை திருவிதாங்கூரின் அரசிருக்கையாக விளங்கிற்று. பூமுகத்தின் மேற்கூரையில் 90 விதமான பூக்கள் மரத்தில் மலர்ந்து நிற்கின்றன. தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்தெடுத்த தூண் ஒன்று உண்டு. கட்டுவித்த அரசர்களின் பெயர்களை நாம் அறிவோம். அத்தூணைச் செதுக்கினவர் பெயரை நம்மில் யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா?

அவர் கற்றது தகப்பனிடம், கற்பித்தது மகனுக்கு. அவ்வாறு ஒரு வீட்டிற்குள்ளேயே அடங்கியிருந்த வித்தை, அவ்வீட்டு மகன் வேறு வேலைக்குப் போன அன்றே அவியும். ஊரில் வேறெவரும் அதனை அறியாராதலின், அவிந்தது என்று வருந்துவாரும் இரார். கட்டிக்காத்தால் வித்தை வாழும் என்று நாம் நினைத்தோம். பகிர்ந்துகொண்ட வித்தையே வாழ்கிறது. பூட்டி வைத்தது நம்மோடு மடிகிறது.

அப்படியானால் பள்ளிக்கூடத்தில் கற்பிப்போம் என்றால், உடனே 1953ஆம் ஆண்டின் நினைவு வருவது இயல்பே. அவ்வாண்டில் சென்னை ராஜ்யத்தில் முதலமைச்சராயிருந்த ராஜாஜி அவர்கள், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொணர்ந்தார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. நாடெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1954இல் காமராஜர் அவர்கள் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. நம் விளவங்கோடு தாலுகா 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தமையால் அத்திட்டம் நம்மைத் தொடவில்லை. எனினும் அதன் பாடம் நமக்கும் உரியது. தச்சன் மகனுக்கு உளியும், குயவன் மகனுக்குச் சக்கரமும், கணக்கர் மகனுக்குப் புத்தகமும் என்று பிரித்தால், அது கல்வியன்று, வேலி. எதிர்த்தோர் எதிர்த்தது உளியை அல்ல, அவ்வேலியைத்தான்.

இக்காலத்திலும் இவ்விவாதம் ஓயவில்லை. 2023இல் மத்திய அரசு நம் குலமுதல்வர் பெயராலேயே கைவினைஞருக்கு ஒரு திட்டம் தொடங்கிற்று. குடும்பத்தின் பாரம்பரியத் தொழிலாயிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்கும்படி தமிழ்நாட்டு அரசு கேட்டது; பின்னர்ச் சாதி பாராமல் உதவும் வேறொரு திட்டத்தைத் தானே வகுத்தது. பெயர் நம்முடையதாயிருப்பதால் மனம் நெகிழ்ந்து, வேலியை நாம் விரும்பிவிடலாகாது.

வேலியில்லாமல் உளியைக் கற்பிக்க இயலுமா என்றால், இயலும் என்று காட்டிய நாடுகள் உண்டு. பின்லாந்து தேசத்தில் ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியறிஞரின் முயற்சியால், 1866இலேயே கைவேலை பொதுப்பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயப் பாடமாயிற்று. அடுத்துள்ள ஸ்வீடனில் ஓட்டோ சலோமோன் என்பவர் நேஸ் என்னுமிடத்தில் உபாத்தியாயர்களுக்கு மரவேலைப் பயிற்சி அளித்தார். பல தேசங்களிலிருந்தும் அங்கே வந்து கற்றனர். ‘ஸ்லாய்ட்’ என்பது அம்முறையின் பெயர். அதன் நோக்கம் பிள்ளைகளைத் தச்சராக்குவதன்று. கண்ணுக்கு நேர்மையும், கைக்கு ஒழுங்கும், உடலுழைப்பில் மதிப்பும் உண்டாக்குவதே. எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லும் மாதிரிகள். ஒவ்வொன்றும் வீட்டிற்குப் பயன்படும் பொருள். பிறர் கைபடாமல் பிள்ளை தானே முடிக்கவேண்டும். பணக்காரன் மகனும் ஏழை மகனும் ஒரே மேசையில் நின்றனர். நம் தேசத்திலும் காந்தியடிகள் 1937இல் வார்தா மகாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்குமாகவே வேண்டினார்.

மரம் கற்பிக்கும் பாடத்தை வேறு ஆசான் எளிதில் கற்பிக்க முடியாது. கணக்கில் விடை தவறினால் உபாத்தியாயர் சிவப்புக் கோடிடுவார். பிள்ளை அவரைக் கோபித்துக்கொள்ளும். கழுந்து துளைக்குள் நுழையாவிட்டால் கோபிப்பதற்கு ஆளில்லை. அளந்தவன் தானே, அறுத்தவனும் தானே. முகஸ்துதியும் சிபாரிசும் மரத்தினிடம் செல்லா. ஈர்க்கு ஓடும் திசையறிந்து இழைத்தால் பட்டுப்போல் வரும்; எதிர்த்து இழைத்தால் சிராய் எழும்பும். இதனைக் கையினால் அறிந்த பிள்ளை, இயற்கைக்கு இணங்கி வேலைசெய்தல் இன்னதென்று ஆயுள் முழுதும் மறவாது.

நம் பக்கத்திற்கே ஏற்ற ஒரு மாதிரியைச் சொல்கிறேன். அது தேனீப் பெட்டி. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் கிராமப் புனருத்தாரண நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் அவர்கள் நடத்தினார்கள். கிராமத்தார்க்கு அங்கே கற்பித்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். நம் நாட்டுத் தேனீக்கென்று திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த பெட்டி தென்னாட்டில் பரவியது. அதன் அடியறையில் 7 சட்டங்கள் தொங்கும். சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே தேனீ புழங்கும் அளவுக்கு, ஏறத்தாழ 7 முதல் 9 மில்லிமீட்டர், இடைவெளி வேண்டும். மிகுந்தால் அவ்விடத்திலும் அடை கட்டிச் சட்டத்தை எடுக்கவொட்டாமல் செய்துவிடும். குறைந்தால் தேனீக்கு வழியில்லை. பிள்ளையின் அளவு சரியா என்று தீர்ப்புச் சொல்பவர் உபாத்தியாயர் அல்லர், தேனீயே. மரமோ, பால் வெட்டி முடிந்த ரப்பர் மரமும், அயினியும், பலாவும், மாவும் நம் சுற்றுப்புறத்திலேயே உண்டு. ரப்பர் மரத்தை மட்டும் பூச்சி அரிக்காதபடி மருந்திட்டுப் பதப்படுத்தல் வேண்டும்.

நம் ஊருக்கு அப்பால் எல்லையைத் தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் சாஸ்திர விழாவோடு கைவேலைப் போட்டிகளும் ஆண்டுதோறும் நடக்கின்றன. மரவேலையும் மரச்செதுக்கும் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி இவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். கைவேலை கற்பிப்போர்க்குச் சமுதாயம் எவ்வளவு மதிப்பு வைக்கிறது என்பதற்கு அத்தொகையே அளவுகோல்.

சில ஆட்சேபங்களுக்கு விடை சொல்லவேண்டும். பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்ளும் என்பர். கூர்மழுங்கிய உளியே வழுக்கிக் கையைக் கிழிக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. சாணை பிடித்த உளியும், மரத்தைச் சிராவியில் இறுக்கி, இரண்டு கையும் உளிமுனைக்குப் பின்னே இருக்கவேண்டும் என்னும் விதியும் இருந்தால் அச்சமில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஏன் என்பாரும் உளர். அளவும் பொறுமையும் பெண்ணுக்கு வேண்டாதனவோ?

எல்லோரும் கற்றால் நம் பிழைப்பு என்னாகும் என்பதே பெரிய ஆட்சேபம். நம் பிழைப்பைக் குறைத்தது எது என்று பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையா? ஆலையில் அச்சிட்டாற்போல் வரும் பலகையும், இரும்புக் கதவும், பிளாஸ்டிக் நாற்காலியும் அல்லவோ! ஒரு கழுந்தைத் தன் கையால் வெட்டிப் பார்த்தவன், நல்ல வேலைக்கும் போலி வேலைக்கும் பேதம் அறிவான். தச்சனிடம் கூலியைக் குறைத்துப் பேச நாக்கூசுவான். வேலையறிந்த ஊரே வேலைக்காரனுக்குக் காவல்.

உத்தியோகத்திலிருக்கும் நம் இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. உளி உங்களுக்கு இன்று சோறு போடவேண்டுவதில்லை. ஆகையால்தான் அதை அன்போடு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணிநேரம், ஒரு வாள், ஒரு இழைப்புளி, ஒரு மூலைமட்டம், இரண்டு உளிகள் போதும். பிள்ளையோடு சேர்ந்து ஒரு முக்காலி செய்யுங்கள். பாட்டனாருக்குக் கடமையாயிருந்தது பேரனுக்குக் களிப்பாகட்டும்.

சங்கத்தாரை மூன்று காரியங்கள் வேண்டிக்கொள்கிறேன். நம் முதிய தச்சர்களில் மனமுள்ளோர், வாரம் ஒருநாள் அருகிலுள்ள பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க முன்வரும்படி செய்தல். தலைமையாசிரியரை அணுகி அனுமதி பெறுதல். வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் கருவிகளைத் திரட்டிச் சாணை பிடித்துப் பள்ளிக்குக் கொடுத்தல். முதல் வருஷத்தில் ஒரு வகுப்பு ஒரு தேனீப் பெட்டி முடித்தாலும் போதும்.

நம் முன்னோர் பிறர் குடியிருக்க வீடு கட்டினார்கள். பிறர் உழ ஏர் செய்தார்கள். அவர்கள் கொடாதிருந்தது வித்தை ஒன்றே. அதையும் நாம் கொடுப்போமாக.