தகரப் பூச் செய்த தாய்

புகழ் பெற்ற ஓவியர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர், அவருடைய தாயாரை முதல் அத்தியாயத்திலே வணங்கிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். பக்தி மிக்கவர், பாடுபட்டு வளர்த்தார் என்ற இரண்டு தொடருடன் தாயின் பங்கு முடிந்துவிடும். அமெரிக்க ஓவியர் அன்டி வார்ஹோலின் அன்னை ஜூலியா அம்மையாரை அவ்விதம் இரண்டு தொடரில் அடக்கிவிட இயலாது. மகனை வளர்த்ததோடு நில்லாமல், அவனுடைய தொழிலிலும் தம் கைகளால் உழைத்தவர் அவர். அவ்வுழைப்புக்கு அவர் பெயர் இடப்படவில்லை.

கார்பாத்திய மலைத் தொடரின் அடியிலே, இன்று சிலோவாக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையாக உள்ள பகுதியில், மிக்கோவா என்றொரு சிற்றூர் உண்டு. அது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த காலத்திலே, 1891ஆம் ஆண்டில், ஜூலியா அங்கே பிறந்தார். அவ்வூர் மக்கள் ருசின் இனத்தவர். அவர்கள் மொழி உக்ரேனிய மொழிக்கு நெருங்கியது. சமயத்தால் கத்தோலிக்கரே எனினும், வழிபாட்டு முறையிலே கீழைத் திருச்சபையின் பழைய மரபைக் கைக்கொண்டவர்கள். 1909இல் அந்திரேய் வார்ஹோலா என்பவரை ஜூலியா மணந்தார். சில ஆண்டுகளிலே, படைக்கு ஆட்பிடிக்கும் அபாயம் நெருங்கவே, கணவர் அமெரிக்கா சென்றுவிட்டார். பிறந்த முதற் பெண் மகவு சில வாரங்களே வாழ்ந்து மறைந்தது. அப்பால் முதலாம் உலகப் போர் மூண்டது. எல்லைப்புற ஊராகையால் போரின் கொடுமை வாசலுக்கே வந்தது. கணவரைக் காணாமல் பல்லாண்டு காத்திருந்த பெண், இறுதியில் ஒரு குருவானவரிடம் கடன் பெற்றே கப்பலேறினார். அது 1921ஆம் ஆண்டு.

பிட்ஸ்பேர்க் நகரம் அக்காலத்திலே உருக்கு ஆலைகளின் கோட்டை. பகலிலும் வானம் புகையால் இருண்டிருக்கும். அங்கேதான் பவுல், ஜோன், அன்டி என்னும் மூன்று புதல்வர்களும் பிறந்தனர். இளையவன் அன்டி பிறந்தது 1928 ஓகஸ்டு 6ஆந் தேதி. தந்தையார் கட்டட வேலைக் கூலி. வேலையை நாடி வெளியூர்களில் தங்கிவிடுவார். வீட்டுப் பொறுப்பெல்லாம் தாயாருடையதே. ஞாயிறு தோறும் அவர் பிள்ளைகளை நடத்திக்கொண்டு, ருசின் பள்ளத்தாக்கு என மக்கள் பெயரிட்டழைத்த பகுதியிலுள்ள புனித யோவான் கிறிசோஸ்தோம் ஆலயத்துக்குச் செல்வார். நீண்ட பூசை. புரியாத பழஞ் சிலாவிய மொழி. பீடத்தின் முன்னே, பொன் பின்னணியில் தீட்டப்பெற்ற புனிதர் முகங்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் பெரிய திரை. அச்சிறுவன் மணிக்கணக்காக நோக்கியிருந்தது அம்முகங்களையே. 1962இல் அவன் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தைப் பொன்வண்ண வெளியின் நடுவே தனியாகப் பதித்தபோது, கலை ஆராய்ச்சியாளர் பலர் அவ்வாலயத் திரையை நினைவு கூர்ந்தனர். அது மிகையான கற்பனையன்று.

வருவாய் போதாத காலங்களில் ஜூலியா அம்மையார் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தார். உயிர்த்த ஞாயிற்றுக்கு முட்டைகளிலே கோலம் எழுதினார். எல்லாவற்றிலும் விந்தையானது அவருடைய பூ வாணிபம். பழங்கள் அடைத்து வந்த வெறும் தகரப் பேணிகளைக் கத்தரித்து, வளைத்து, நிறக் காகிதம் சேர்த்து, மலர்களாக்குவார். அவற்றை வீடு வீடாகக் கொண்டு சென்று 25 சதத்துக்கும் 50 சதத்துக்கும் விற்பார். பின்னாளிலே சூப்புப் பேணிகளைத் தீட்டி உலகப் புகழ் எய்திய மகன், தான் பேணிகளை வரையத் தலைப்பட்டதற்கு அன்னையின் தகரப் பூக்களே காரணம் என்று ஒருமுறை கூறியதுண்டு. அவருடைய கூற்றுக்கள் பலவற்றை அப்படியே நம்புதல் அறிவுடைமையாகாது. ஆயினும் இதனை நம்பலாம்.

எட்டு வயதில் அன்டிக்குக் கை கால்கள் தம் வசமின்றித் துடிக்கும் நரம்பு நோய் கண்டது. தாயார் அவனது கட்டிலைச் சமையலறைக்கு அருகேயுள்ள அறைக்கு மாற்றி, இரவும் பகலும் உடனிருந்தார். நிறந்தீட்டும் புத்தகங்களையும், சினிமாச் சஞ்சிகைகளையும், கத்தரிக்கோலையும் கொடுத்தார். ஒரு பக்கம் தீட்டி முடித்தால் ஒரு சொக்கிலேற் கட்டி பரிசு. நடுங்கிய கை அமைதி பெற்றது அவ்விதந்தான். ஓவியப் பள்ளி எதனிலும் காலடி வைக்குமுன் அவன் பெற்ற முதலாவது பயிற்சி அது எனலாம்.

1942இல் கணவர் காலமானார். இளைய மகனின் உயர்படிப்புக்கென அவர் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்த பணம் இருந்தது. எவ்வளவு நெருக்கடி வந்தபோதும் அம்மையார் அதிலே கை வைக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, 1944இல், குடலிற் புற்றுநோய் கண்டு பெரிய சத்திர சிகிச்சைக்கு உட்பட்டார். அதன் பின் வாழ்நாள் முழுவதும் வயிற்றோடு இணைத்த பையொன்றைச் சுமக்க நேர்ந்தது. அந்த உடம்போடுதான் எஞ்சிய கதை முழுவதும் நடந்தது என்பதை மறத்தலாகாது. 1949இல் மகன் பட்டம் பெற்று நியூயோர்க் சென்றார். 1952இல், அறுபது வயதுத் தாய் அங்கே போய்ச் சேர்ந்தார், மகனுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் ஆளில்லை என்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். பூனைகள் பல்கிப் பெருகிய அவ்வீட்டில், மகன் வெளியே புறப்படுமுன் அன்னையுடன் செபஞ் சொல்வது வழமை.

விளம்பரச் சித்திரக்காரராக மகன் முன்னேறிய காலம் அது. தாயாரின் கையெழுத்து அவரைக் கவர்ந்தது. பழங்காலத்துச் சுழிகளும் வளைவுகளும் கொண்ட அழகிய எழுத்து அது. படங்களுக்கு வேண்டிய வாசகங்களையும், தம் கையொப்பத்தையுமே தாயாரைக் கொண்டு எழுதுவித்தார். அம்மையாருக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாது. எழுதிக் கொடுத்ததை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பிரதி செய்வார். எழுத்துக்கள் விடுபடும். 1954இல் வெளிவந்த 25 பூனைகள் பற்றிய சிறு நூலின் தலைப்பிலேயே ஓர் எழுத்து இல்லை. மகன் அதைத் திருத்தவில்லை, பிழையையே அழகென ஏற்றுக்கொண்டார். அவர் களைப்படைந்த வேளைகளில், உதவியாளரான நேதன் குளக் அந்த எழுத்தைப் போலவே எழுதிக் கொடுப்பாராம். மூண்டொக் என்ற இசைஞரின் இசைத்தட்டு உறைக்கு அவர் எழுதிய எழுத்துக்குப் பரிசும் கிடைத்தது. பரிசு பெற்றவர் பெயர் என்ன? "அன்டி வார்ஹோலின் தாயார்." பூனைகளையும் தேவதூதர்களையும் தாமே வரைந்த மற்றொரு சிறு நூலிலும் அவர் பெயர் அதுவே. ஜூலியா என்ற பெயர் எங்குமில்லை.

மகன் அவரை ஒதுக்கினார் என்பதும் சரியாகாது, போற்றினார் என்பதும் முழுமையாகாது. 1966இல் அவரையே நடிக்க வைத்து ஒரு திரைப்படமும் எடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்த சீமான்களிற் பலருக்கு, கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி வாழ்வதே தெரியாது. அவரோ அங்கிருந்தபடி மிக்கோவாவிலுள்ள சகோதரிகளுக்கு ருசின் மொழியிற் கடிதம் எழுதுவார், உடுபுடவைப் பொதிகள் அனுப்புவார்.

முதுமையிலே நினைவு தடுமாறியது. 1971இல் பிட்ஸ்பேர்க்குக்குத் திரும்பினார். 1972 நவம்பரில் அங்கே காலமானார். செலவை ஏற்ற மகன் அடக்கத்துக்குச் செல்லவில்லை. அது மட்டுமன்று, நெருங்கிய நண்பர்களுக்கும் மரணத்தை அவர் சொல்லவில்லை. அம்மா எப்படி என்று கேட்டவர்களுக்கு, உயிருடன் இருப்பவரைப் பற்றிப் பேசுவது போலவே நெடுங்காலம் விடை கூறிவந்தார். இதை நன்றியின்மை என்று ஒரே சொல்லில் தீர்ப்பவர்கள், 1974இல் அவர் தீட்டிய அன்னையின் உருவப்படங்களை ஒருமுறை பார்த்தல் நலம். மூக்குக் கண்ணாடி அணிந்த அந்த முதிய முகத்தின்மீது வர்ணத்தை விரலாலே கீறி இழுத்திருக்கிறார்.

1987இல் மகனும் மறைந்தார். பிட்ஸ்பேர்க்கின் புறத்தேயுள்ள புனித ஸ்நாபக யோவான் சேமக்காலையிலே, பெற்றோரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர். இன்றும் அங்கே வருவோர் அவருடைய கல்லின்மேல் சூப்புப் பேணிகளை வைத்துச் செல்கின்றனர். சற்று மேலே, அதே சரிவில், ஜூலியா வார்ஹோலா என்ற பெயர் அவருடைய கணவரின் பெயரோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது.