முன்னோட்டத்தில் இருவர்

திரைப்படக் கலையை ஆராய்கிறவர்கள் படத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். படத்துக்கு முன்னே ஓடும் இரண்டு நிமிடத் துண்டை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. விளம்பரந்தானே என்று விட்டுவிடுகிறார்கள். விளம்பரமே ஆயினும், காமிராவின் வேலையைக் கற்க விரும்பும் மாணவருக்கு அதைப் போன்ற பாடம் கிடைப்பது அரிது. முழுப் படத்தின் ஒளியும் நிறமும் பார்வைக் கோணமும் அங்கே பிழிந்த சாறாக வந்து நிற்கின்றன. காதலும் நகைச்சுவையும் கலந்த அமெரிக்கப் படங்களின் முன்னோட்டங்களை இன்று எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் இதற்கு 'டிரெய்லர்' என்று பெயர்; பின்தொடர்ந்து வருவது என்பது பொருள். முன்னே வருவதற்கு இந்தப் பெயர் எப்படி வாய்த்தது? தொடக்க காலத்தில் இதைப் படம் முடிந்த பிறகே காட்டினார்கள். கூட்டம் எழுந்து போய்விடவே, இது முன்னுக்கு வந்தது. பெயர் மட்டும் பின்னாலேயே தங்கிவிட்டது. 1919-இல் தோன்றிய 'நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்' என்னும் நிறுவனம், பல பத்தாண்டுகள் ஹாலிவுட் முன்னோட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரித்து வந்தது. படத்தை எடுத்தவர் ஒருவர், அதிலிருந்து துண்டு நறுக்கியவர் வேறொருவர் என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

நகைச்சுவைப் படத்தின் ஒளி எத்தகையது? துப்பறியும் படத்தில் ஒரு புறமிருந்து வலிய விளக்கு விழும். மறுபுறம் முகம் இருளில் கிடக்கும். நகைச்சுவையிலோ, நிழலை நிரப்பும் விளக்கும் ஏறக்குறைய முதல் விளக்கின் வலிமையோடு எரியும். புருவம் உயர்வதும் உதடு கோணுவதும் தெரிந்தால்தானே சிரிப்பு வரும்? பேசுகிறவர் முகம் தெரிந்தால் போதாது. கேட்கிறவர் முகமும் அதே கணத்தில் தெரிய வேண்டும். சொல்லில் இருக்கும் சிரிப்பைவிட, அது விழுகிற இடத்தில் இருக்கும் சிரிப்பே பெரிது.

ஆதலால் இவ்வகைப் படத்தின் உயிர்நிலை, இருவரையும் ஒரே படச் சட்டத்துக்குள் நிறுத்துவதில் இருக்கிறது. இருவரையும் நிறுத்தி, நடுவே ஒரு தடையையும் வைத்துவிட்டால் காதலும் வந்தது, வேடிக்கையும் வந்தது. ஃபிராங்க் காப்ரா 1934-இல் இயக்கிய 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' என்ற படத்தில், வழிப்பயணிகள் தங்கும் குடில் ஒன்றில் கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும் இரவைக் கழிக்க நேர்கிறது. கேபிள் ஒரு கயிறு கட்டி அதன்மேல் கம்பளியைத் தொங்கவிடுகிறார். விவிலியத்தில் வரும் எரிகோ நகரின் மதில் என்று அதற்குப் பெயரும் சூட்டுகிறார். ஒளிப்பதிவாளர் ஜோசஃப் வாக்கர் அந்தக் கம்பளிக்கு இப்பாலும் அப்பாலும் நடப்பதை அவசரமின்றிக் காட்டுகிறார்.

1959-இல் வந்த 'பில்லோ டாக்' படத்தில் கம்பளி போய்க் கோடு வந்தது. முன்பின் அறியாத இருவர் ஒரே தொலைபேசி இணைப்பைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலமான சினிமாஸ்கோப் திரையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் டோரிஸ் டே, மறுபாதியில் ராக் ஹட்சன், அவரவர் வீட்டுக் குளியல் தொட்டியில்! இருவர் பாதங்களும் நடுக்கோட்டில் வந்து தொட்டுக்கொள்வதுபோல் தோன்றுகின்றன. வெவ்வேறு வீடுகள், ஆனால் ஒரே படம். 1989-இல் 'வென் ஹாரி மெட் சாலி' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பாரி சானன்ஃபெல்ட் அதே பிளவைக் கையாண்டார். இருவரும் தத்தம் படுக்கையில் இருந்தபடி 'காஸபிளாங்கா'வைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் பேசுகிறார்கள். முன்னதில் குறும்பாக இருந்த கோடு இதில் தனிமையாக மாறியதை நுட்பமான சாதனை என்பேன்.

இவற்றைக் கத்தரியிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? காப்ராவின் படத்திலேயே வேறொரு காட்சி உண்டு. சாலையில் கார் எதுவும் நிற்காதபோது கதாநாயகி பாவாடையைச் சற்றே உயர்த்துகிறாள். கால், காரின் பிரேக், நின்ற சக்கரம் என்று துண்டுகள் தொடர்கின்றன. அந்தச் சிரிப்பு வெட்டிலேயே பிறந்தது. முன்னோட்டத்தில் வைத்தாலும் கெடாது. கம்பளிக் காட்சி அப்படியன்று. அதன் சுவை காத்திருப்பதில் இருக்கிறது. முன்னோட்டத்துக்கோ நேரம் இல்லை. இரண்டரை நிமிடம் என்றிருந்த வழக்கை, அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர் சங்கம் 2014-இல் வகுத்த வழிகாட்டு விதி 2 நிமிடமாகக் குறைத்தது. ஆகவே, இருவர் நின்ற காட்சி தனித்தனி முகங்களாகத் துண்டுபடுகிறது. அவன் ஒரு வாக்கியம், அவள் ஒரு விழிப்பு. பிறகு பாட்டு நின்று, மழைச் சன்னலருகே ஒரு தனி முகம். பின்னணி விளக்குகள் வண்ண வட்டங்களாகக் கரைந்திருக்கும். தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் எடுப்பதால் வரும் அழகு அது. அழகுதான், ஆனால் கேட்கிறவர் முகம் எங்கே?

வெட்டெல்லாம் பிழை என்று சொல்லிவிடவும் முடியாது. 1993-இல் நோரா எஃப்ரான் இயக்கி, ஸ்வென் நிக்விஸ்ட் ஒளிப்பதிவு செய்த 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' கதையில், ஒருவர் சியாட்டிலிலும் மற்றவர் பால்டிமோரிலும் இருக்கிறார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில், படத்தின் முடிவில்தான் சந்திக்கிறார்கள். அத்தகைய படத்துக்கு மாறி மாறி வரும் தனி முகங்களே உண்மையான முன்னோட்டம்.

இக்காலத்தில் கவலை வேறிடத்தில் இருக்கிறது. முன்னோட்டத்தை இன்று பலர் கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிறார்கள். அந்த நெட்டைச் சட்டத்தில் ஒரு முகம் நன்றாகப் பொருந்தும்; பக்கத்தில் மற்றொருவர் நிற்க இடமில்லை. அதற்கென்றே படத்தின் இரு ஓரங்களையும் சீவி எறிகிற பழக்கமும் வந்துவிட்டது. 'பில்லோ டாக்' காட்சியை அவ்வாறு சீவினால் நடுக்கோடும் நான்கு பாதங்களும் மிஞ்சும்!

மாணவ நண்பர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஏதேனும் ஒரு முன்னோட்டத்தை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். இருவரும் ஒரே சட்டத்தில் வெட்டின்றி நிற்கும் நேரத்தை விநாடிக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் முழுப் படத்தையும் பார்த்து, அதே காட்சி அங்கே எத்தனை விநாடி நீடிக்கிறது என்று ஒப்பிடுங்கள்.