ஒதுங்கி நிற்கும் ஆசான்



மாணாக்கன் கல்வி பெறும் வகையைப் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்கிட்டே காட்டியிருக்கிறார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைத் தானே பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இந்நூற்பாவை நெட்டுருச் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். பெற்ற பின், முப்பது ஆண்டுகளாக என் காற்பங்கை மட்டுமே வாரி வழங்கிக்கொண்டிருந்தேன். மற்ற முக்காற்பங்குக்கு நேரம் ஒதுக்கவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசி வழியே வகுப்பு நடத்த நேர்ந்தது. திரையில் முகங்கள் இல்லை. பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய வட்டங்களே தெரிந்தன. வினா எழுப்புவேன். விடை வராது. அந்த மௌனம் பொறுக்காமல் நானே விடையையும் சொல்லிவிடுவேன். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ என்னும் அம்மையார் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினாவுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்தாலே மாணவர் விடைகள் நீள்கின்றன. அவர்களே வினாக்களும் எழுப்புகின்றனர். இணையவழி வகுப்பில் மூன்று நொடி போதாது. ஒலிவாங்கியைத் திறப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும்!

ஒரு நாள் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியன் குற்றவாளியா, பொற்கொல்லன் வஞ்சனைக்கு இரையானவனா என்று வினவிய வேளையில் என் வீட்டில் மின்சாரம் நின்றது, இணைப்பும் அறுந்தது. கால் மணி நேரம் கழித்து மீண்டும் நுழைந்தபோது வகுப்பு கலைந்திருக்கும் என்றே எண்ணினேன். கலையவில்லை. நான் வந்ததை எவரும் கவனிக்கவும் இல்லை. அதுவரை என் வகுப்பில் வாய் திறந்தறியாத மாணவி ஒருத்தி, "தீர விசாரியாமல் ஆணையிட்டதே குற்றம், உயிரை விட்டதனால் மட்டும் அது நீங்கிவிடுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் ஒலிவாங்கியை அடைத்துவிட்டுக் கேட்டிருந்தேன். மகிழ்ச்சியோடு சிறிது நாணமும் உண்டாயிற்று.

மறுவாரம், "நீங்களே நடத்துங்கள்" என்று சொல்லி விலகிக்கொண்டேன். அது பிழை. குரல் உரத்த பையன்கள் இருவரே பேசித் தீர்த்தனர். ஒதுங்குவதற்கும் முன்னேற்பாடு வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வினாவை மூன்று நாள் முன்னரே அனுப்பினேன். அவை நடத்துபவர் ஒருவர், கருத்துகளைத் தொகுப்பவர் ஒருவர் என முறைவைத்து அமர்த்தினேன். தந்தை வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் கூடவே போய்விடும் வீடுகள் பல. அவ்வீட்டுப் பிள்ளைகள் முந்தின இரவே தம் கருத்தைக் குரற்பதிவாக அனுப்பினர். அவை நடத்துபவர் அதை முதலில் ஒலிக்கச் செய்வார். என் வேலை குறையவில்லை, நேயர்களே, இரட்டித்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் தவறினேன். அன்று அவை நடத்திய மாணவன், கண்ணகியின் சிலம்பில் முத்துப் பரல் இருந்ததாகச் சொல்லிவிட்டான். என் நா பொறுக்கவில்லை. "மாணிக்கப் பரல்! முத்து, அரசியின் சிலம்பில்" என்று இடையில் புகுந்தேன். செய்தி சரிதான். ஆனால் அத்துடன் உரையாடல் நின்றது. அனைவரும் மீண்டும் என் வாயையே எதிர்பார்த்திருந்தனர். பிறகே திரையைக் கவனித்தேன். நான் பேசுவதற்கு முன்பே மாணவி ஒருத்தி கை உயர்த்தும் குறியை இட்டிருந்தாள். திருத்தும் உரிமை அவளுடையது. அதை நான் பறித்துக்கொண்டேன். அந்த மாணவனோ அடுத்த இரண்டு வகுப்புகளில் வாய் திறக்கவில்லை. தனியே அழைத்து, "தம்பி, பிழை என்னுடையது" என்றேன். அவன் உடனே நம்பவில்லை. மூன்றாம் வாரம் மறுபடியும் அவையை அவனிடமே ஒப்படைத்தேன்.

அதன் பின், பிழை கேட்டால் தாளில் குறித்துக்கொள்வேன். வகுப்பு முடியும்வரை எவரும் திருத்தாத பிழையை மட்டும் இறுதியில் சொல்வேன். பல நாள் அந்தத் தாளில் ஒன்றிரண்டே மிஞ்சின. வாய் மூடியிருப்பது, ஐந்து பிரிவேளை தொடர்ந்து பேசுவதைவிடக் களைப்பைத் தந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

2021 செப்டம்பரில் உயர் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. அதற்கு முந்திய கடைசி இணைய வகுப்பில், அவை நடத்திய பெண் இடையில் நிறுத்தி, "ஐயா, இணைப்பில் இருக்கிறீர்களா?" என்றாள். "இருக்கிறேன், அம்மா" என்றேன். "ஒன்றுமில்லை ஐயா, கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்துப் பேச வேண்டியவரை அழைத்தாள்.