ஆண்டு என்னும் சொல்



ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் என்று வினவினால், சிறு பிள்ளையும் 365 என்று விடை கூறிவிடும். அந்த ஆண்டு எந்நாளில் தொடங்குகிறது என்று கேட்டாலோ, பெரியோரும் சற்றே தயங்குவர். பள்ளிக்கு ஜூன், அரசின் வரவு செலவுக்கு ஏப்ரல், நிலவரிக் கணக்கான பசலிக்கு ஜூலை. 2024 ஜூலை முதல் நாள் பிறந்தது பசலி 1434.

'வருஷம்' என்னும் வடசொல்லுக்கு மழை என்றும் பொருள் உண்டு. 'அப்தம்' என்பதும் அத்தகையதே. நீரைத் தருவது என்பது அதன் பொருள். அது முகிலையும் குறிக்கும், ஆண்டையும் குறிக்கும். சக அப்தமே சகாப்தம் ஆயிற்று. கி.பி. 78இல் தொடங்கும் கணக்கு அது. இன்று புகழ்பெற்றோர் மறைந்தால், 'ஒரு சகாப்தம் முடிந்தது' என்கிறோம்!

நம் கல்வெட்டுகளில் 'யாண்டு' என்பது அரசனின் ஆட்சியாண்டு. முதலாம் இராசராசன் 985இல் அரியணை ஏறினான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு அவன் செப்புக் குடம் அளித்தது யாண்டு 25, நாள் 275 என்று கல்வெட்டுக் கூறுகிறது. அது 1010. அன்று நிறைந்திருந்தவை 24 ஆண்டுகளே, இருபத்தைந்தாவது நடந்துகொண்டிருந்தது. 'வயது பத்து நடக்கிறது' என்று பாட்டிமார் கூறுவதும் இக்கணக்கே.

பாட்டி என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1988 ஜூனில், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஒரு மூதாட்டி தம் பேரனைப் பள்ளியில் சேர்க்க வந்தார். பிறந்த நாளைக் கேட்டேன். "துந்துபி வருஷம், மாசி எட்டு" என்றார். துந்துபி 1982 என்பது எனக்கு மனப்பாடம். மாசி எட்டாம் நாள் பிப்ரவரி 20. உடனே 1982 பிப்ரவரி 20 என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

பிழை எங்கே என்று கண்டீர்களா? துந்துபி பிறந்தது 1982 ஏப்ரலில். அதன் மாசி மாதம் வந்ததோ 1983இல். என் பேனா முனையில் அச்சிறுவனுக்கு ஒரு வயது கூடிவிட்டது.

அவன் நன்றாகப் படித்தான். பின்னாளில் அரசுப் பணித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, சில மாதங்களால் வயது வரம்பைக் கடந்தவன் என்று தள்ளப்பட்டான். சான்றிதழைத் திருத்த முயன்றோம், காலம் கடந்துவிட்டது. அவன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து, தன் மகளின் பிறப்புச் சான்றிதழுடன் என் இல்லத்திற்கு வந்தான்.

"ஐயா, இவளும் மாசியிலே பிறந்தவள்தான். ஆண்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றான்.

கண்ணாடியை அணிந்துகொண்டு இருமுறை பார்த்தேன்.