சிறுநாடும் பெருஞ்சொல்லும்
(தென்காசியில் ஆற்றப்பெற்ற உரை)



குற்றால அருவி இறங்கிவரும் ஆற்றுக்குச் சிற்றாறு என்றே பெயர். ஆயினும் அது தென்காசியை நனைத்துப் பொருநையொடு கலந்து கடல் காண்கின்றது. உலகமன்றில் சிறுநாடுகளின் சொல்லும் அத்தகையதே.

ஆப்பிரிக்க ஒன்றியத்தைச் சார்ந்த மோரீசு, இத் தென்காசி மாவட்டத்தினும் பரப்பிற் சிறியது. தமிழர் குடியேறி வாழும் அந்நாட்டின் பணத்தாளில் தமிழெழுத்தும் உண்டு. 1988 நவம்பர் 15இல் பாலசுத்தீனர் அல்சீயர் நகரில் தம் தனியரசை அறிவித்தனர். அதே திங்களில் மோரீசு அதனை ஒப்புக்கொண்டது. நிலமிழந்த துயரை அந்நாடும் அறியும். 1965இல் ஆங்கிலேயர் சாகோசுத் தீவுகளை அதனின்று பிரித்தனர். 1973க்குள் அத்தீவு மக்களையும் அகற்றினர். அப்பிரிப்பு முறையற்றதென உலக நயமன்றம் 2019இல் உரைத்தது.

பாலசுத்தீனத்தை அதே 1988 நவம்பரில் இந்தியாவும் ஒப்புக்கொண்டது, இலங்கையும் ஒப்புக்கொண்டது! கடல் கடந்த மக்களுக்கு உண்டெனக் கண்ட உரிமை, ஈழத்தமிழர்க்கு மட்டும் இல்லாமற் போனதெங்ஙனம்? முள்ளிவாய்க்காலின் குருதி உலருமுன், 2009 மே 27இல், மாந்தவுரிமைப் பேரவையில் இலங்கைக்கு ஆதரவான முடிவிற்கு இந்தியா கைகொடுத்தது. மோரீசோ எப்பக்கமும் சேராது ஒதுங்கி நின்றது. அது போதுமோ எனின், போதாது. ஆனால், 2013இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய நாடுகளின் மாநாட்டை அந்நாட்டுத் தலைமையமைச்சர் மாந்தவுரிமையின் பெயரால் புறக்கணித்தார். 2015ஆம் ஆண்டு மாநாட்டைத் தம் நாட்டில் நடத்தும் வாய்ப்பையும் துறந்தார்.

ஒப்புதற்சொல் ஒன்றே நிலத்தை மீட்டுத் தாராது. 2012இல் 138 நாடுகள் ஐ.நா. பேரவையில் பாலசுத்தீனத்திற்கு ஆதரவாக ஒப்போலை அளித்தன. மோரீசும் அவற்றுள் ஒன்று. அதன் பின்னும் அம்மக்களின் துயர் தீர்ந்திலது. எனில், சொல்லால் என்ன பயன்?

இவ்வூர்ப் பெருங்கோயில் விடைகூறும். மதுரையை இழந்து தென்பாண்டிச் சிற்றரசாய்ச் சுருங்கிய மரபில் வந்த பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எடுத்த கோயில் இது. பின்னாளில் குறை நேரின் அதனைத் திருத்துவோர் அடிகளைத் தான் வணங்குவதாக அவன் கல்லிற் பொறித்தான். அவன் அரசு மறைந்தது. கோபுரமும் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. ஆயினும் அக் கல்லெழுத்து காத்திருந்தது. 1990இல் கோபுரம் மீண்டும் வானுற எழுந்தது.

ஒப்புதலும் அத்தகைய கல்லெழுத்தே. பொறிப்பது அரசின் கடன். அதனை நிறைவேற்றுவது மக்களின் கடன். ஈழத்திற்கென அச்சொல்லைப் பொறிக்க இன்றுவரை ஓர் அரசும் முன்வந்திலது. அதனைப் பொறிக்கச் செய்வது தமிழர் கடன்!

வெல்க தமிழ்!