நோயாளியின் உணவு



நம்மூரில் ஒருவர் பாயும் படுக்கையுமானால் முதலில் எழுஞ் சொல் 'பத்தியம்'. கஞ்சித் தண்ணீரோடு நாட்கள் கழிகின்றன. உடல் மெலிவதை நோயின் இயல்பென்றே நாம் எண்ணிவிடுகிறோம்.

1936இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஸ்ரட்லி என்னும் வைத்தியர், வயிற்றுப்புண்ணுக்குச் சத்திரசிகிச்சை பெற்றோரை ஆராய்ந்தார். முன்னரே உடல்நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழந்திருந்தோருள் மூவருக்கு ஒருவர் இறந்தனர். ஏனையோருள் நூற்றுக்கு நால்வர்கூட இறக்கவில்லை. 2019இல் வெளியான சுவிற்சர்லாந்து ஆராய்ச்சியில், 8 வைத்தியசாலைகளில் போசாக்குக் குறைவுக்கு ஆளாகக்கூடிய 2,000க்கு மேற்பட்ட நோயாளர் சேர்க்கப்பட்டனர். தேவையறிந்து உணவூட்டப்பட்டோருள் 30 நாட்களில் இறந்தோர் நூற்றுக்கு 7. வழமையான உணவு பெற்றோருள் 10.

பத்தியம் பட்டினியன்று. வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் செரிமானமறிந்து அளவோடு உண்ணவே சொன்னார். வைத்தியர் விலக்காதவரை முட்டையும், அதனை உண்ணாத சைவருக்குப் பருப்பும் பாலும் வேண்டியவையே. ஆயினும், பலநாள் உண்ணாதவருக்குத் திடீரெனப் பெருக ஊட்டினால் இரத்தத்திற் பொஸ்பரசு குறைந்து இருதயம் தளரக்கூடும். வைத்தியரைக் கேட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

இளைஞர்களே! நோயாளியைப் பார்க்கத் தோடம்பழத்தோடு செல்லும் நாம், "இன்று எவ்வளவு சாப்பிட்டார்?" என்ற கேள்வியையும் கொண்டு செல்வோம். விடையை வைத்தியரிடமோ தாதியிடமோ தெரிவிப்போம்.