அண்டாவின் அடி டம்ளர்

ஸ்ரீராம நவமி நேரத்து ரேணிகுண்டா வெயிலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடப்பா பாதையில் இருக்கிற ஒண்டிமிட்டாவில் 2015 முதல் நவமி அரசு விழாவாக நடக்கிறது. அங்கே போகிற உறவுக்காரர்கள் நம் ஜங்ஷனில் இறங்கி ஒரு வேளை தங்குவதும் வழக்கமாகிவிட்டது. வேர்த்து விறுவிறுத்து வருகிறவரிடம் காபியை நீட்டலாமா? அன்றைக்குப் பானகம்தான். கூடவே ஒரு பிடி வடபப்பு, அதாவது ஊறவைத்த பாசிப்பருப்பு.

வெல்லத் தண்ணீர்தானே, இதில் என்ன பெரிய கலை என்பார்கள். இரண்டு பேருக்கு என்றால் சரிதான். ஐம்பது பேருக்கு அண்டாவில் கலக்கிப் பார்க்கட்டும்.

வெல்லத்துக்குக் குறைவில்லை, சித்தூர் மண்டி பக்கத்திலேயே இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைப் பார்த்து மயங்காதீர்கள்; அந்த நிறத்துக்காகப் பாகில் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போடுகிறவர்கள் உண்டு. கறுத்த வெல்லத்துக்குத்தான் மணம். கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். நசுக்கிப் போட்டு, தானாகக் கரைய விடுங்கள். காய்ச்சினால் பாகு வாடை வந்துவிடும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகு அந்தத் துணியை ஒருமுறை பாருங்கள். மண்ணும் கரும்புச் சக்கையும் தங்கியிருக்கும். வடிகட்டாத வீட்டில் அதைத்தான் குடிக்கிறோம்.

சுக்கும் மிளகும் அன்றைக்கு இடித்ததாக இருக்க வேண்டும். ஏலக்காய், நாலு துளசி இலை, கடைசியில் எலுமிச்சை. பச்சைக் கற்பூரம் மட்டும் கை நடுங்கியே போட வேண்டிய சரக்கு. ஒரு வருஷம் கடலை அளவு போட்டுவிட்டேன். வந்தவர்கள், "கோயில் தீர்த்தம் மாதிரியே இருக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள். பாதி அண்டா அப்படியே நின்றது. மங்களகிரியில் பானகால நரசிம்மர் படைக்கிற பானகத்தில் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டு மீதியைப் பிரசாதமாகத் திருப்பித் தருவார் என்பார்கள். நம் வீட்டில் மீதி வைத்தால் இந்த வெயிலுக்குச் சாயங்காலமே நுரைத்துப் புளித்துவிடும்.

இவ்வளவும் செய்தவர்கள்கூடச் சறுக்குவது பரிமாறும்போதுதான். சுக்கும் மிளகும் கரைவதில்லை, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலாக மொண்டு கொடுத்தால் முதலில் வந்தவருக்கு வெறும் இனிப்பு. கடைசி வண்டியில் வந்தவருக்குத் தொண்டை எரிகிற காரம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெத்தம்மா அண்டாவை விட்டு நகரவே மாட்டார். கரண்டியை எடுத்தாலே, "கலக்கிட்டு மொள்ளு, நாயனா!" என்று அதட்டல் வரும், ஒவ்வொரு டம்ளருக்கும்.

எல்லாரும் போன பிறகு அண்டாவைச் சாய்த்து, அந்த அடி டம்ளரை அவரே எடுத்துக்கொள்வார். குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வடபப்புக் கிண்ணத்தைத் தேடினால், அந்த வருஷம் நான் தப்பித்தேன்.